குடும்பப் பின்னணி அறிக்கை: இரண்டு நியாயங்கள், ஒரே படிவம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையிலிருந்து வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்பவர்களிடம் கேட்கப்படும் குடும்பப் பின்னணி அறிக்கையை (பிள்ளைகளின் பராமரிப்பு உள்ளிட்ட வீட்டு நிலையைப் பிரதேச செயலகம் உறுதிப்படுத்தும் பத்திரத்தை)ப் பற்றிய விவாதம் 'பாதுகாப்பா, உரிமையா' என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. உண்மையில் அந்த நடைமுறைக்குள் இரண்டு வெவ்வேறு நியாயங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன.

ஒன்று, போகும் பெண்ணுக்கான குறைந்தபட்ச வயதெல்லை. 2022 இல் அது 21 ஆனது. 18 இல் வாக்களிப்பவரை அவருடைய நன்மைக்காகவே தடுப்பதுதான் தந்தைமைவாதம். ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் ஸ்டுவர்ட் மில் 1859 இலேயே இதற்கு எல்லை வகுத்தார். பாலம் உடையப்போவது தெரியாமல் ஒருவர் அதில் கால் வைக்கப் போகிறார், எச்சரிக்க நேரமில்லை என்றால் பிடித்து இழுக்கலாம். ஆபத்து நிச்சயமில்லை என்றால் எச்சரிக்கலாம், அவ்வளவுதான். குவைத் பயணம் இரண்டாம் வகை. சம்பளம், வேலை நேரம், தூதரகத் தொலைபேசி இலக்கம் எல்லாம் தமிழில் எழுதிய ஒப்பந்தத்தைப் பயணத்துக்குப் பல நாள் முன்னரே கையில் கொடுப்பதுதான் அந்த எச்சரிக்கை.

மற்றது பிள்ளையின் வயது: குறித்த வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது. 2013 இல் 5 என்றிருந்தது, 2022 இல் 2 ஆகக் குறைந்தது. இது தந்தைமைவாதமே அல்ல. இன்னொருவருக்கு வரும் தீங்கைத் தடுப்பது. மில்லும் இதை மறுத்திருக்க மாட்டார். ஆனால் கட்டாருக்குச் சாரதியாகப் போகும் தகப்பனிடம் இந்த அறிக்கையை யாரும் கேட்பதில்லையே! பிள்ளைதான் காரணம் என்ற வாதம் அந்த இடத்தில் விழுந்துவிடுகிறது.

'நல்ல தாய் போக விரும்பமாட்டாள்' என்பவர்கள், அவளுடைய 'உண்மையான' விருப்பம் தங்களுக்குத்தான் தெரியும் என்கிறார்கள். மெய்யியலாளர் ஐசாயா பேர்லின் 1958 இல் எச்சரித்தது இதைத்தான்.

நமக்கு அதிகம் உதவுவது சுதந்திரம் பற்றி இக்கால மெய்யியலாளர் பிலிப் பெட்டிற் தரும் விளக்கம். இன்னொருவரின் தயவில் இருப்பதே அடிமைத்தனம், அவர் தலையிடாவிட்டாலும்கூட. கடவுச்சீட்டைப் பூட்டி வைக்கும் எசமானர் நல்லவராக இருக்கலாம். பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர் சிரித்தபடியே ஒப்பமிடலாம். மறுக்கும்போது காரணம் சொல்லத் தேவையில்லை என்றால் இரண்டும் ஒரே வகைதான். மறுக்கப்பட்டவர் முகவர் சொல்கேட்டுச் சுற்றுலா விசாவில் போகிறார். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு இல்லாததால் காப்புறுதியும் இல்லை.

ஆகவே, அறிக்கை நீடிக்கும்வரையாவது, மறுப்புக்கான காரணம் தமிழில் எழுத்தில் தரப்பட வேண்டும், முடிவுக்கு நாள் எல்லை வேண்டும், அதே அலுவலகத்துக்கு வெளியே மேன்முறையீட்டுக்கு வழி வேண்டும். தாயிடம் கேட்பதைத் தகப்பனிடமும் கேட்க வேண்டும்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06