திராட்சைத் தோட்டப் பயணம் ஏன் பிப்ரவரியில்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கர்நாடகத்தின் நந்தி மலை அடிவாரத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒயின் ஆலைக்கும் போய்வரும் பயணத்தை அறிவித்ததிலிருந்து, எங்கள் பெரம்பூர் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இரண்டு கேள்விகளை மாறி மாறிக் கேட்கிறார்கள். பள்ளி விடுமுறை விடும் மே மாதத்தில் வைத்தால் என்ன என்பது ஒன்று. இது குடிப்பதற்காகப் போகிற பயணமா என்பது மற்றொன்று. சிலர் இதை நேராகக் கேட்கிறார்கள், சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற பதில்கள் அல்ல இவை. அதனால்தான் இந்த மடல்.

மே மாதம் அங்கே போனால் பழம் தொங்கும் கொடியைப் பார்க்க முடியாது. ஒட்ட வெட்டிய தண்டும் அதில் கிளம்பும் இளந்துளிரும்தான் இருக்கும். காரணம் கவாத்து, அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிடுவது. பிரான்ஸ், இத்தாலி போன்ற குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்ததும் கொடி தானே இலையுதிர்த்து உறங்கிவிடும். வசந்தத்தில் விழித்துத் துளிர்க்கும். நம் பக்கத்தில் அப்படி ஒரு குளிர் இல்லை. விட்டுவிட்டால் கொடி ஆண்டு முழுவதும் ஓய்வில்லாமல் இலையும் தண்டுமாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒழுங்கான காய்ப்பு இருக்காது. ஆகவே பருவம் செய்ய வேண்டிய வேலையை இங்கே கவாத்துக் கத்தரி செய்கிறது. அறுவடை முடிந்த கையோடு, ஏப்ரல் வாக்கில் முதல் கவாத்து. ஒவ்வொரு கிளையிலும் ஓரிரண்டு மொட்டுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் வெட்டிவிடுவார்கள். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ இரண்டாம் கவாத்து. காய்ப்புக்கான கவாத்து இதுதான். வெட்டியதும் ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தை ஆட்கள் கொடி கொடியாகப் போய் மொட்டுகளில் தடவுவார்கள். அப்போதுதான் மொட்டுகள் முன்னும் பின்னுமாக இல்லாமல் ஒன்றாக விழிக்கும். அங்கிருந்து நான்கு, நான்கரை மாதத்தில் பழம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பிப்ரவரி, மார்ச் வந்துவிடும்.

ஏன் இப்படி அமைத்துக்கொண்டார்கள் என்றால், மழை. காய் பிடித்து நிற்கும்போது தொடர் மழை பெய்தால் அடிச்சாம்பல் நோய் இலையையும் குலையையும் சேர்த்துக் கெடுத்துவிடும். பருவமழைக் காலத்தில் கொடியை இலையோடு நிற்கவிட்டு, பழம் மட்டும் உலர்ந்த மாதங்களில் கனியும்படி நாள் குறித்திருக்கிறார்கள். இதில் எங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஏப்ரல் கவாத்துக்குப் பிறகு வரும் ஒன்றரை, இரண்டு மாத வெயிலில், புதுக் கிளைகளின் மொட்டுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத அளவில், அடுத்த பிப்ரவரிக்கான குலைகள் உருவாகிவிடுகின்றன. எத்தனை குலை என்பது பெரும்பாலும் அங்கேயே தீர்மானமாகிவிடும். மே மாதத் தோட்டம் வெறுமையாகத் தெரிந்தாலும், அந்த ஆண்டின் முக்கியமான வேலை அப்போதுதான் நடக்கிறது. ஆனால் அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். உங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு மொட்டைத் தண்டைக் காட்டி அழைத்துவர எங்களுக்கு மனமில்லை.

"சென்னை வெயிலில் வராத ஒயின் திராட்சை அங்கே மட்டும் எப்படி வருகிறது?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். நல்ல கேள்வி. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தோட்டங்கள் இருக்கும் தொட்டபள்ளாபூரும் நம் பொன்னேரியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், வடக்கே 13.3 பாகையை ஒட்டி இருக்கின்றன. உலகின் புகழ்பெற்ற ஒயின் நாடுகள் பெரும்பாலும் 30 முதல் 50 பாகைக்குள் இருப்பவை. அந்தக் கணக்குப்படி பொன்னேரிக்கும் ஒயினுக்கும் சம்பந்தமில்லை, தொட்டபள்ளாபூருக்கும் சம்பந்தமில்லை. பெரிய வேறுபாடு உயரம்தான். பொன்னேரி கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். தொட்டபள்ளாபூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் தக்காணப் பீடபூமியின் மேலே இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி குறையும். பகலைவிட இரவில்தான் இதன் பலன் அதிகம். பகல் வெயிலில் பழத்தில் சர்க்கரை ஏறுகிறது. இரவும் வெக்கையாக இருந்தால் பழத்தின் புளிப்பு கரைந்துகொண்டே போகும். வெறும் இனிப்புதான் மிஞ்சும். குளிர்ந்த இரவு அந்தப் புளிப்பைக் காப்பாற்றித் தருகிறது. புளிப்பில்லாத ஒயினில் உயிர் இருக்காது.

1980-களின் இறுதியில் கன்வல் குரோவர் என்பவர் பிரெஞ்சு வல்லுநர்களின் துணையோடு இந்தப் பகுதியில் ஒயின் திராட்சை பயிரிடத் துணிந்தது இந்த உயரத்தை நம்பித்தான். 1990-களின் தொடக்கத்தில் அங்கிருந்து ஒயின் வெளிவந்தது. 2007-இல் கர்நாடக அரசு ஒயினுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்த பிறகு மற்றவர்களும் தோட்டம் போட்டார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே கம்பம் இருக்கும்போது கர்நாடகத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரம்பூர் தெருக்களில் தள்ளுவண்டியில் வரும் அந்தக் கறுத்த, மணமான பழத்தை நீங்கள் எல்லோரும் சாப்பிட்டிருப்பீர்கள். பன்னீர் சாப்பிடுவதற்கு அருமையான பழம். கம்பத்துக்குத் தனியாகவே ஒரு பயணம் வைக்க எங்களுக்கு ஆசை உண்டு. ஆனால் ஒயினுக்கு என்றே வளர்க்கும் ஷிராஸ், கேபர்னே சாவினோன், சாவினோன் பிளாங்க் போன்ற ரகங்கள் வேறு சாதி. பழம் சிறியது, தோல் தடித்தது, விதை பெரியது, சாறு குறைவு. சாப்பிட வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். கம்பத்தில் தலைக்கு மேலே பந்தல் போட்டிருப்பார்கள். நாம் போகும் தோட்டங்களில் கல்தூண் நட்டு, கம்பி கட்டி, கொடியை வரிசை வரிசையாகச் சுவர் எழுப்பியதுபோல் ஏற்றியிருப்பார்கள். போகிற வழியில் பந்தலில் படர்ந்த கறுப்புத் திராட்சையும் கண்ணில் படும். அது பெங்களூர் ப்ளூ. பெரும்பாலும் பழமாகவும் ஜூஸாகவும் ஜாமாகவும் போய்விடும்.

பெரம்பூரிலும் ராயபுரத்திலும் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் திராட்சை ஒயின் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்களில் பலர். பீங்கான் ஜாடியில் பிசைந்த திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் ஒரு பிடி கோதுமையும் பட்டை கிராம்பும் போட்டு, வாயைத் துணியால் கட்டி, தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிளறுவார்கள். அந்த ஜாடிக்குள் நடப்பதுதான் ஆலையின் எஃகுத் தொட்டிக்குள்ளும் நடக்கிறது. ஒரு முக்கிய வேறுபாடு, ஆலையில் சர்க்கரை சேர்ப்பதில்லை. பழத்தில் இருப்பதே போதும். அது போதுமான அளவு ஏறிவிட்டதா என்று பார்க்க உள்ளங்கை நீளக் கருவி ஒன்றைத் தோட்டத்துக்கே கொண்டுவருவார்கள். பழத்தை நசுக்கி ஒரு சொட்டுச் சாற்றை அதன் கண்ணாடியில் விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்பிக் கண்ணருகே வைத்தால், உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு, சாற்றில் சர்க்கரை நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும் ஓர் எண்ணில் நிற்கும். 22, 23, 24 என்று நின்றால் பறிக்கலாம். லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால். அந்தப் பழத்திலிருந்து 12 முதல் 14 சதவீதம் வருவது இப்படித்தான். ஆனால் அனுபவமுள்ளவர்கள் எண்ணோடு நிற்பதில்லை. விதையைக் கடித்துப் பார்ப்பார்கள். பச்சை விதை கசக்கும். பழுப்பேறிய விதை மொறுமொறுவென்று உடையும். பிப்ரவரியில் போனால் இரண்டையும் நீங்களே கடித்துப் பார்க்கலாம்.

அங்கே ஒரு கறுப்புத் திராட்சையை நகத்தால் கீறிப் பிதுக்கிப் பாருங்கள். சாறு ஏறக்குறைய நிறமற்று இருக்கும். சிவப்பு முழுவதும் தோலில். தோலோடு நொதிக்கவிட்டால் சிவப்பு ஒயின்; சில மணி நேரத்தில் தோலைப் பிரித்துவிட்டால் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின்; பச்சைத் திராட்சையைப் பிழிந்து சாற்றை மட்டும் குளிரவைத்து நொதிக்கவிட்டால் வெள்ளை. துவர்ப்பும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும்தான் வருகிறது. சிவப்பு ஒயினை முதல் முறை வாயில் வைப்பவர்கள் முகம் சுளிப்பது இதனால்தான்: கொட்டைப்பாக்கைக் கடித்தால் ஈறும் நாக்கும் இழுத்துப் பிடிக்குமே, அதேபோல் பிடிக்கும். ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் வைத்திருப்பதற்கு அந்தப் பிடியைத் தளர்த்துவதும் ஒரு காரணம்.

இனி சுவைத்துப் பார்ப்பது பற்றி. அதிக நேரம் மூக்குக்குத்தான் வேலை. ஆகவே அன்று மட்டும் மல்லிகைப்பூ, சென்ட், அத்தர், ஜவ்வாது எதுவும் வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். ஒருவர் தலையில் ஒரு முழம் மல்லிகை இருந்தால் அந்த அறையில் யாருக்கும் ஒயினின் மணம் தெரியாது. வெற்றிலை பாக்கும் வேண்டாம். வெறும் வயிற்றோடும் வர வேண்டாம். முன்னதாகவே சிற்றுண்டிக்கு நிறுத்துகிறோம். வெள்ளையில் தொடங்கி ரோஸே, பிறகு சிவப்பு என்று வரிசையாகத் தருவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய், இரண்டு வாய் அளவுதான். கிண்ணத்தின் தண்டைப் பிடியுங்கள். உள்ளங்கைச் சூடு ஏறக் கூடாது. மெல்லச் சுழற்றி முகர்ந்து பாருங்கள். சாவினோன் பிளாங்கில் குடைமிளகாயும் கொய்யாவும் மணக்கும். ஷிராஸில் மிளகு மணக்கும். விவரம் தெரிந்தவர்களின் கற்பனை என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். மிளகுக்கு அந்தக் காரமான மணத்தைத் தரும் ரொட்டண்டோன் என்ற பொருளே ஷிராஸ் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. நாள்தோறும் மிளகு இடிக்கிற வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிடும். பிறகு ஒரு வாய் எடுத்து, வாய் முழுவதும் சுழற்றி, பக்கத்தில் வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடலாம். நம் ஊரில் பிறர் முன்னால் துப்புவது மரியாதைக் குறைவு. அங்கே அது வழக்கம். அந்தத் தொழிலில் இருப்பவர்களே நாள் முழுவதும் துப்பித்தான் சுவை பார்க்கிறார்கள். கூச்சப்பட வேண்டாம்.

இப்போது இரண்டாவது கேள்வி. குடிப்பதற்காகப் போகிற பயணம் அல்ல இது. குடியால் நொந்துபோன குடும்பங்கள் எங்கள் வாடிக்கையாளர்களிலேயே இருக்கின்றன. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இந்தத் தொழிலை விளையாட்டாகச் செய்ய எங்களால் முடியாது. ஆகவே சில விதிகளில் எவ்வளவு நெருங்கிய பழக்கமாக இருந்தாலும் தளர்வு இல்லை. 21 வயது நிறையாதவர்களுக்குச் சுவை பார்க்கும் அறைக்குள் அனுமதி கிடையாது. ஓட்டுநர் ஒரு சொட்டும் தொடமாட்டார். அன்று இரவே திரும்புவதால் இரண்டு ஓட்டுநர்கள் வருகிறார்கள். வண்டிக்குள் மது கூடாது. கருவுற்ற பெண்களும், தொடர்ந்து மருந்து எடுத்துக்கொள்பவர்களும் சுவை பார்ப்பதைத் தவிர்த்துவிடுங்கள். தோட்டத்தையும் ஆலையையும் மட்டும் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கட்டணத்தில் சுவைப்புக்கான பங்கைக் கழித்துவிடுகிறோம்.

பாட்டில் வாங்கி வரலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உரிய அனுமதியில்லாமல் பிற மாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். நம் வண்டி சித்தூர் வழியாகப் போவதால் நடுவில் ஆந்திர எல்லையும் இருக்கிறது. ஒருவர் பையில் இருக்கும் ஒரு பாட்டிலுக்காகக் குடும்பத்தோடு வந்த அத்தனை பேரும் சோதனைச் சாவடியில் நிற்க நேரும். பிடித்த ஒயின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்; இங்கே கிடைத்தால் முறைப்படி வாங்கிக்கொள்ளலாம்.

சுவை பார்க்கப் போகாதவர்களும் பிள்ளைகளும் வண்டியில் காத்திருக்க வேண்டியதில்லை. அதே நேரத்தில் அவர்களை நந்தி கிராமத்துப் போக நந்தீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போகிறோம். 9-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, சோழர் காலத்திலும் விஜயநகர காலத்திலும் விரிந்த கோயில் அது. தூண்களின் வேலைப்பாட்டுக்கும் படிகள் இறங்கும் அந்தப் பெரிய குளத்துக்குமே தனியாக ஒருமுறை போகலாம். பாலாறும் தென்பெண்ணையும் இந்த நந்தி மலைப் பக்கத்தில்தான் பிறக்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் படித்தது மனதில் நிற்கும்.

பெரம்பூரிலிருந்து இரவு 10 மணிக்குக் கிளம்பி, மூலக்கடை, மாதவரத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, ராணிப்பேட்டை, சித்தூர், கோலார் வழியாகப் போகிறோம். 20 இருக்கை வேன். அதற்கு மேல் ஆள் சேர்ப்பதில்லை, ஏனென்றால் தோட்டத்துக்குள் விளக்கிச் சொல்பவரின் குரல் எல்லோருக்கும் கேட்க வேண்டும். விடிகாலையில் மலைப்பக்கம் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைகளுக்கு நடுவே செம்மண், சொட்டுநீர்க் குழாய்கள் கிடக்கும். காலை மூடிய செருப்போ ஷூவோ நல்லது. குலையைத் தொட்டுப் பார்க்கும் முன் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், மருந்து அடித்த வரிசையாக இருக்கலாம்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் பொங்கலுக்குள் அலுவலகத்துக்கு நேரில் வந்து வயதுச் சான்றின் நகலோடு பதிவுசெய்துகொள்ளுங்கள். பயண நாள் ஒரு வாரம் முன்னே பின்னே நகரலாம். பழம் எப்போது தயாராகிறது என்று தோட்டத்திலிருந்து தகவல் வந்த பிறகே உறுதி செய்து உங்களுக்குத் தெரிவிப்போம்.

அன்புடன்,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்
பெரம்பூர், சென்னை