சோதனை இயந்திரங்களுக்கு நன்கொடை வேண்டுகோள்

வணக்கம்.

இந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதற்கு பேட்ச் (நிரலில் செய்யும் திருத்தம்) அனுப்புகிறவர்களுக்கும் சோதனைக் குழு எழுதுவது.

சி என்ற நிரல் மொழியில் எழுதிய சின்ன பேட்ச் ஒன்று வந்தது. கோப்பை முடிவு வரை ஒவ்வோர் எழுத்தாகத் திரும்பத் திரும்பப் படிக்கும் லூப், அவ்வளவுதான். இரண்டு பேர் பார்த்து, சரி என்றார்கள். எழுதியவர் கணினியிலும் பார்த்தவர்கள் கணினிகளிலும் எல்லாச் சோதனைகளும் தேறின. மூன்றும் இன்டெல் வகைச் சிப்கள். பேட்சைச் சேர்த்த இரவு, ஆர்ம் என்ற வேறு வகைச் சிப்பில் லினக்ஸ் ஓடும் இயந்திரத்தில் அதே சோதனை தொடங்கியது, முடியவே இல்லை. படித்த எழுத்தை ‘சார்’ (char) என்ற ஒரு பைட் வகை மாறியில் வைத்ததுதான் வினை. இன்டெல் லினக்ஸில் அந்த வகை -128 முதல் 127 வரை கொள்ளும். ஆர்ம் லினக்ஸில் 0 முதல் 255 வரை. கோப்பு முடிந்தது என்று சொல்லும் -1 அங்கே 255 ஆகிவிடுகிறது. அப்புறம் லூப் எங்கே நிற்பது?

64 பிட் விண்டோஸில் ‘லாங்’ (long) என்ற முழு எண் வகை 32 பிட், 64 பிட் லினக்ஸில் 64 பிட் என்பதும் இதே ரகம். எத்தனை கண் பார்த்தாலும் ஏதாவது ஒன்று தப்பும்.

எமுலேட்டர், அதாவது வேறொரு சிப்பைப் போல நடிக்கும் மென்பொருள், போதாதா என்று கேட்கிறார்கள். வைத்திருக்கிறோம். வேகம் குறைவு என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆர்ம் சிப் நினைவக வேலைகளை வரிசை மாற்றிச் செய்வதால் வரும் பிழைகள், இன்டெல் கணினியில் ஓடும் எமுலேட்டரில் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. மேக் இயங்குதளத்தையோ ஆப்பிளின் உரிமப்படி ஆப்பிள் கணினியில்தான் ஓட்ட வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பில்ட் ஃபார்ம் (நிரலைப் பல வகை இயந்திரங்களில் கட்டிச் சோதிக்கும் அமைப்பு) 2004 முதல் தன்னார்வலர்களின் இயந்திரங்களில் நடக்கிறது. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு விலங்கின் பெயர். எங்களுக்கும் அப்படி இரவல் தரும் நண்பர்கள் உண்டு. அவர்கள் தரும் இயந்திரங்கள், மென்பொருளில் சேர்த்து முடித்த நிரலை மட்டுமே ஓட்டுகின்றன. சேர்க்காத பேட்ச் என்பது முன்பின் தெரியாதவர் அனுப்பிய நிரல். அதை ஒரு நண்பரின் வீட்டுக் கணினியில் ஓட்டிப்பார்க்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் துடைத்துப் புதிதாக நிறுவக்கூடிய, வேறெதனுடனும் இணையாத இயந்திரம் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் இலவசச் சோதனைச் சேவைகளில் ஓட்டலாம்தான். ஆனால் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் அவற்றில் புகுந்த பிறகு அங்கே நேரக் கட்டுப்பாடு இறுகிவிட்டது.

ஆகவே பணம் கேட்கிறோம். முதலில் ஒரு ஆர்ம் சர்வர், பிறகு ஒரு மேக், மிஞ்சினால் வட்டுகள். கூடவே மின்சாரமும் இணைய இணைப்பும். சர்வர் வாங்குவதை விட அதை மாதாமாதம் ஓட்டுவதுதான் பாரம் என்பதால், ஒரே முறை பெரிதாகத் தருவதை விட மாதந்தோறும் சிறிதாகத் தருவது எங்களுக்கு அதிகம் உதவும். வரவு செலவுக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வைப்போம். தருகிறவர் பேட்சுக்கு முன்வரிசை எதுவும் கிடையாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

பணம் தர முடியாதவர்கள் இயந்திரம் இரவல் தரலாம். அதுவே வெளியே போய் நிரலை எடுத்து, முடிவை அனுப்பும். உங்கள் ஃபயர்வாலில் எதையும் திறக்க வேண்டாம். இரவில் அணைத்து வைத்தாலும் பரவாயில்லை, முடிவு காலையில் வரட்டும்.

இப்படிக்கு,
சோதனைக் குழு