தந்தை பெயர் என்னும் கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல ஆண்டுகளாகக் குடும்ப ஆலோசகராகப் பணியாற்றி வருகிறேன். பள்ளிச் சேர்க்கை நடக்கும் மே, ஜூன் மாதங்களில் என்னிடம் வரும் தனித்தாய்மார்களின் எண்ணிக்கை கூடுவதை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். தலைவலி, தூக்கமின்மை, காரணமில்லாமல் பிள்ளையை அடித்துவிட்டேன் என்ற குற்றவுணர்வு என்று தொடங்கும் பேச்சு, அரை மணி நேரத்தில் விண்ணப்பப் படிவத்தின் ‘தந்தை பெயர்’ கட்டத்தில் வந்து நிற்கும்.

கணவரை இழந்தவரிடம் இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. மணமுறிவு பெற்றவரிடம் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டவரின் மனைவிக்கோ, விசாரணை முடிந்து, ‘கணவனால் கைவிடப்பட்டவர்’ என்ற சான்றிதழ் கிடைக்கிறது. உதவித்தொகைக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் தையல் இயந்திரத்தை மிதித்து இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒருவரை, விட்டுப்போனவர் செய்த செயலை வைத்தே அழைப்பது எனக்கு உறுத்துகிறது. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஆறு ஆண்டுகளாக முடிவெடுக்க இயலாத அந்தப் பெண், “பஸ்ஸில் போகும்போது மட்டும் வெளியே எடுத்துப் போட்டுக்குவேன்” என்று என்னிடம் சொன்னார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

பிள்ளைகளின் பாடு வேறு. மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், அப்பா துபாயில் இருப்பதாக வகுப்பில் சொல்லிவிட்டு, அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக, மாமா வாங்கித் தந்த பொம்மைக் காரைக்கூட அங்கிருந்து வந்ததாகக் காட்டிக்கொண்டிருந்தான். வீட்டிலோ, “இனி நீதான்டா ஆம்பளை, அம்மாவைப் பார்த்துக்க” என்கிறார்கள். அன்பாகச் சொல்வதுதான். அவன் இரவில் இரண்டு முறை எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறான் என்று தாய் சொன்னபோதுதான், அந்தச் சொல் எட்டு வயதில் எவ்வளவு கனக்கிறது என்று எனக்கே விளங்கியது. இனி அப்படிச் சொல்ல வேண்டாம் என்று பாட்டியை இணங்கவைக்க மூன்று அமர்வுகள் ஆயின.

சட்டம் இதில் பின்தங்கியிருப்பதாகச் சொல்ல முடியாது. மணமாகாத தாய், தந்தைக்கு அறிவிப்பு அனுப்பாமலும் அவர் பெயரை வெளியிடாமலும் பிள்ளையின் பாதுகாவலராகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. 2016 இறுதியில் பாஸ்போர்ட் விதிகள் மாறி, பெற்றோரில் ஒருவர் பெயரே போதும் என்றாயிற்று. தாய் மட்டுமே உள்ளவர்கள் பான் அட்டைக்குத் தந்தை பெயர் தர வேண்டியதில்லை என்பது 2018 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. பாஸ்போர்ட்டுக்கே இல்லாத கட்டாயம் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு எதற்கு? நான் அறிந்த ஒரு பள்ளியில், தாயின் பெயரெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட படிவத்தை, “அப்பா இன்ஷியல் போட்டு எடுத்துட்டு வாங்க” என்று திருப்பித் தந்தார்கள், அதுவும் வரிசையில் நின்ற மற்ற பெற்றோரின் காதுபட.

‘தந்தை பெயர்’ என்ற இடத்தில் ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ என்று அச்சிடவும், தலைப்பெழுத்தைத் தாயின் விருப்பத்துக்கு விடவும், பள்ளிக் கல்வித் துறை எல்லாப் பள்ளிகளுக்கும் எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டும். அடுத்த சேர்க்கைக்கு முன் அந்தச் சுற்றறிக்கை வந்துவிட்டால், என்னிடம் வரும் தலைவலிகளில் சிலவாவது குறையும்.

இப்படிக்கு,
குடும்ப ஆலோசகர் ஒருவர்,
மதுரை.