கையொப்பத்தில் யார் பெயர் இருக்கிறது?

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். பிடிஎஃப் மென்பொருள் ஒன்றை டவுன்லோடு செய்த பிறகு, மூன்று நாளாக பிரவுசரைத் திறந்தாலே ஏதோ ஒரு தேடல் பக்கம் வருகிறது, ஓரத்தில் விளம்பரம் எட்டிப் பார்க்கிறது, இதை என்னிடம் சொல்ல இவ்வளவு கூச்சப்பட்டிருக்கிறாய். அதுதான் எனக்கு வருத்தம். "கையொப்பம் இருக்கிறது, சரியாக உள்ளது என்றும் போட்டிருக்கிறது, அப்புறம் எப்படி அப்பா இது ஆட்வேர்?" என்று கேட்டிருந்தாய். ஆட்வேர் என்றால் விளம்பரத்தைத் திணிக்கிற மென்பொருள். கோப்பை வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பம் என்ற பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறாய். அங்கே இருந்ததில் பாதியைத்தான் படித்திருக்கிறாய்.

அந்தக் கையொப்பம் எப்படி உண்டாகிறது தெரியுமா? மென்பொருளை வெளியிடுபவர் கோப்பு முழுவதையும் கணக்கிட்டு, கைரேகை மாதிரி ஓர் எண்ணை எடுக்கிறார். தன்னிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியால் அதில் கையொப்பமிட்டு கோப்போடு சேர்த்துவிடுகிறார். அந்தச் சாவி இன்னாருடையது என்று டிஜிசெர்ட், குளோபல்சைன், செக்டிகோ போன்ற ஒரு நிறுவனம் சான்றிதழ் கொடுத்திருக்கும். உன் விண்டோஸ் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, ஒத்துப்போனால் "சரியாக உள்ளது" என்கிறது. அதாவது கையொப்பமிட்டவர் இன்னார், அதற்குப் பிறகு கோப்பில் யாரும் கை வைக்கவில்லை. அவ்வளவுதான். அந்த இன்னார் எப்படிப்பட்டவர், கோப்பு உள்ளே போய் என்ன செய்யும் என்பதைப் பற்றி அது வாயே திறக்காது.

இப்போது உன் முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார். நீ தேடியது பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் மென்பொருள். அதை யார் செய்கிறார்கள் என்று உனக்கே தெரியும். ஆனால் கையொப்பமிட்டவர் என்ற இடத்தில் இருப்பது வேறு பெயர். கடைசியில் எல்.எல்.சி. என்று முடிகிற, நீயோ நானோ கேள்விப்படாத பெயர். பக்கத்திலேயே நேர முத்திரை இருக்கிறது. அசல் மென்பொருளின் இந்தப் பதிப்பு வந்து ஆறு மாதம் ஆகிறது. இந்தக் கோப்பில் கையொப்பம் விழுந்ததோ நீ டவுன்லோடு செய்ததற்கு முந்தின நாள். அளவையும் பார்: இரண்டு எம்பி கூட இல்லை, அசல் இதைப்போல் முப்பது மடங்கு இருக்கும். நீ கேட்டது இந்தக் கோப்புக்குள் இல்லவே இல்லை, கண்ணம்மா. இது முன்னால் வந்து நிற்கிற தரகு. அசலை எங்கிருந்தோ இழுத்துக் கொடுத்துவிட்டு, கூடவே தனக்குக் காசு தருகிற நாலு சாமானையும் உள்ளே இறக்கிவிடும். தேடலில் முதலில் வந்த பக்கத்திலிருந்து எடுத்தேன் என்றாயே, அந்த இடத்தில் நுழைந்ததுதான்.

ஆட்வேர் செய்கிறவர்கள் கையொப்பத்துக்கு ஏன் செலவு செய்கிறார்கள் என்று யோசித்துப் பார். கையொப்பம் இல்லாத கோப்பைத் திறந்தால், அனுமதி கேட்கும் பெட்டியில் விண்டோஸ் மஞ்சள் பட்டை காட்டி, வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை என்கிறது. அதைப் பார்த்ததும் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். கையொப்பம் இருந்தால் நீலப் பட்டையும் ஒரு பெயரும் வரும், மனசு சமாதானமாகிவிடும். எனக்கும் அப்படித்தான் ஆனது. சில வருஷம் முன்னால் ஒரு வீடியோ பிளேயருக்காக நீலப் பட்டையை நம்பி, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனேன். முகப்புப் பக்கம் மாறியது. நான் திருப்பி வைப்பேன், கம்ப்யூட்டரை மறுபடி போட்டால் பழையபடி வந்து நிற்கும். நேரம் குறித்து தானாக ஓடும் டாஸ்க் ஒன்றை அது உள்ளே வைத்திருந்தது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அன்றிலிருந்து பட்டையின் நிறத்தைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் படிக்கிறேன்.

பெயர் சரியாக இருந்தாலும் அங்கேயே நின்றுவிடாதே. 2001 ஜனவரியில், மைக்ரோசாஃப்ட் ஆள் என்று பொய் சொன்ன ஒருவருக்கு சான்றிதழ் வழங்கும் வெரிசைன் நிறுவனம் மைக்ரோசாஃப்ட் பெயரிலேயே இரண்டு சான்றிதழ் கொடுத்துவிட்டது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீங்கு நிரல், ரியல்டெக், ஜேமைக்ரான் நிறுவனங்களிடமிருந்து திருடிய சாவிகளால் கையொப்பமிடப்பட்டிருந்தது. 2017இல் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் சிசிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு, அதைத் தயாரித்த நிறுவனத்தின் செல்லுபடியான கையொப்பத்தோடேயே, உள்ளே தீங்கான நிரலையும் சுமந்துகொண்டு கிட்டத்தட்ட ஒரு மாதம் வெளியே போனது. இருபது லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களில் அது இறங்கியது. அதனால்தான் கையொப்பத்தைப் படித்த பிறகு ஸ்கேனும் வேண்டும் என்கிறேன்.

நீ கோப்பை ஸ்கேன் செய்யப் போன வைரஸ்டோட்டல் இணையதளம் நல்ல இடம்தான். 2004இல் ஸ்பெயினில் தொடங்கியது, 2012இல் கூகுள் வாங்கியது. ஒரே கோப்பை ஏறக்குறைய எழுபது ஆன்டிவைரஸ்கள் பார்த்துச் சொல்லும். ஒன்று மட்டும் மனசில் வை: அங்கே ஏற்றுகிற கோப்பு அதோடு போய்விடுவதில்லை, பாதுகாப்பு நிறுவனங்கள் அதை எடுத்துப் பார்க்க முடியும். உன் சொந்தக் காகிதங்கள், அலுவலகக் கோப்புகள் எதையும் ஏற்றாதே. விண்டோஸில் கட்டளைகள் தட்டும் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் என்ற கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால் 64 எழுத்து நீளத்தில் ஒரு ஹாஷ், அதாவது முன்னே சொன்ன கைரேகை மாதிரியான எண், வரும். முதலில் அதை மட்டும் அங்கே தேடு. வேறு யாராவது ஏற்கெனவே ஏற்றியிருந்தால் அறிக்கை அப்படியே கிடைக்கும்.

"71இல் 9 தான் சிவப்பு, மீதி 62 பேர் சுத்தம் என்கிறார்களே?" என்று கேட்டாய். இது ஓட்டு எண்ணிக்கை இல்லை, அம்மா. அந்த ஒன்பதும் என்ன பெயர் சொல்கின்றன என்று பார். ஒன்று ஆட்வேர் என்கிறது, இரண்டு பண்டலர் (கூடவே வேறு நிரலைச் சேர்த்து இறக்குவது) என்கின்றன, மூன்று பியூபி என்கின்றன, அதாவது வேண்டாத நிரல். ஒரே மாதிரி குற்றத்தைத்தான் சொல்கின்றன, வார்த்தைதான் வேறு வேறு. மிச்சம் மூன்றில் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கிறது. பிட்டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸின் எஞ்சினை வேறு நிறுவனங்களும் வாங்கிப் போட்டுக்கொள்வதால் இப்படி வரும், அதை ஒன்றாகவே எண்ணு. அப்படி எண்ணினாலும் ஏழு தேறுகிறது. மற்றவை சும்மா இருப்பதற்கும் காரணம் உண்டு. இது வைரஸ் மாதிரி திருட்டுத்தனமாக நுழையவில்லை, நெக்ஸ்ட் அழுத்தி நீயே சம்மதித்தாய் என்று வாதாட ஆட்வேர்காரர்களுக்கு இடம் இருக்கிறது. தங்கள் மென்பொருளைத் தடுத்ததற்காக ஸாங்கோ என்ற நிறுவனம் காஸ்பர்ஸ்கை என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் வழக்கே போட்டது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கை பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நிம்மதியாக இருக்கும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நான் எழுதிய சின்ன நிரல் ஒன்றைக் கையொப்பம் இல்லாமல் ஏற்றியபோது மூன்று ஆன்டிவைரஸ்கள் சிவப்பு காட்டின. மூன்றும் ஜெனரிக், ஹியூரிஸ்டிக் என்று சந்தேகத்தை மட்டும் சொன்னவை, குறிப்பாக ஒரு பெயரும் இல்லை. அதில் ஒரு தீங்கும் இல்லை என்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு வரியும் நான் எழுதியது.

"விளம்பரம்தானே, போகட்டும்" என்று மட்டும் விட்டுவிடாதே. 2014 கடைசியில் லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் கூடவே வந்தது. பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் செருக, அது தன்னுடைய மூலச் சான்றிதழையே (எந்தத் தளத்தை நம்பலாம் என்று முடிவு செய்ய உதவும் அடிப்படைச் சான்றிதழ்) விண்டோஸுக்குள் நட்டுவைத்திருந்தது. எல்லாக் கணினிகளிலும் ஒரே ரகசியச் சாவி. 2015 பிப்ரவரியில் அந்தச் சாவி வெளிப்பட்டதும், பூட்டுக் குறி போட்ட வங்கிப் பக்கத்தைக்கூட அந்தக் கணினிகளில் நம்ப முடியாமல் போனது. உன் கணினியில் நீ சம்பளக் கணக்கைத் திறக்கிறாய், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, இன்றைக்குச் செய்ய வேண்டியது. இன்ஸ்டால் ஆனவற்றின் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கி, அந்த நாளில் வந்து உட்கார்ந்த தெரியாதவற்றை நீக்கு. பிரவுசரின் எக்ஸ்டென்ஷன்களையும், அறிவிப்பு அனுப்ப எந்தத் தளங்களுக்கு அனுமதி இருக்கிறது என்பதையும் பார். அப்புறம் மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸை அவர்கள் தளத்திலிருந்தே எடுத்து ஓட்டு. தானாகக் கிளம்புகிற எல்லாவற்றையும், யார் கையொப்பம் என்பதோடு அது வரிசையாகக் காட்டும். எனக்கு இரண்டு நாள் பிடித்த அந்த டாஸ்க் இதில் ஒரு வரியாகத் தெரிந்திருக்கும். முடித்ததும் விண்டோஸ் செக்யூரிட்டியில் வேண்டாத செயலிகளைத் தடுக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, முழு ஸ்கேன் போடு.

இன்னொன்று. உன் இரண்டாவது படத்தின் ஓரத்தில் டவுன்லோடு ஃபோல்டர் கொஞ்சம் தெரிகிறது. அங்கே அதே நாளில் இறங்கிய, கிட்டத்தட்ட அதே அளவில் இன்னொரு கோப்பும் இருக்கிறது. அதைத் திறக்காதே, அழிக்கவும் செய்யாதே. அதன் ஹாஷையும் கையொப்பத்தில் இருக்கிற பெயரையும் மட்டும் எனக்கு எழுது. எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா