கண்காட்சில ஏன் அவ்ளோ இருட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மியூசியத்துல ஃபோட்டோ, ஃபேஷன் கண்காட்சி பாக்கப் போறவங்க பலபேரு ஏன் இவ்ளோ இருட்டா வெச்சிருக்காங்கன்னு சலிச்சுக்கறாங்க, ஆனா அது கஞ்சத்தனம் இல்லைங்க, பட்டுத்துணி, பழைய ஆல்புமென் பிரிண்ட்டுக்கெல்லாம் (முட்டை வெள்ளைக்கரு பூசின தாள்ல போட்ட அந்தக்கால ஃபோட்டோ) சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தோட அளவு) வெளிச்சம்தான் வைப்பாங்க, வெளிச்சத்துல ஒருதடவ வெளுத்த சாயம் திரும்ப வரவே வராது. 19-ஆம் நூற்றாண்டு கடைசில பட்டுக்கு எடை கூட்ட வெள்ளீய உப்பு ஏத்தினாங்க, அந்த கவுனுங்க இப்ப மடிப்பு மடிப்பா தானா கிழியுது, பாக்கவே மனசு வலிக்கும். கட்டடக்கலை கண்காட்சிக்கு இந்த கஷ்டம் கொஞ்சம் கம்மி, மரத்துல செஞ்ச மாடல்னா நல்ல வெளிச்சத்துல பாக்கலாம், வரைபடத்துக்கு மட்டும் இதே கதிதான். சில மாசத்துல இதையெல்லாம் திரும்ப இருட்டான சேமிப்பு அறைக்கு அனுப்பிடுவாங்க, அதனால கண்காட்சி செய்தி போடும்போது முடியற தேதியையும் தயவுசெஞ்சு பெருசா போடுங்க சார்.