மதிப்பீட்டுக் கட்டம் மேலே வரட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை, கணக்கு வரவில்லை என்று உங்கள் இதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள். கடிதம் போடும் வாசகர்களில் சிலர் ஆசிரியர்களைக் கடிந்துகொள்கிறார்கள், சிலர் பாடச்சுமையைக் குறை சொல்கிறார்கள். வடசென்னையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் நடத்துகிறவள் நான். அதிகம் பேசப்படாத ஒரு சின்ன இடத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். எங்கள் பாடக்குறிப்பேடுதான் அந்த இடம்.

பள்ளிக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நடத்தப் போகும் பாடத்துக்கு முன்கூட்டியே குறிப்பு எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் ஒரு வரிசை உண்டு: கற்றல் விளைவு (பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு என்ன வர வேண்டும் என்பது), அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தலும் வழங்குதலும், வலுவூட்டல், அப்புறம் மதிப்பீடு, குறைதீர் கற்றல், தொடர்பணி. பள்ளிக்குப் பள்ளி சிறிது மாறும், ஆனால் மதிப்பீடு கடைசிப் பக்கம்தான் வரும். பெரும்பாலான குறிப்பேடுகளில் நடப்பது இதுதான்: கற்றல் விளைவின் வாசகத்தை அப்படியே பார்த்து எழுதுகிறார்கள், உடனே எந்தப் படத்தைக் காட்டலாம், என்ன விளையாட்டு வைக்கலாம் என்று யோசிக்கப் போய்விடுகிறார்கள். மதிப்பீட்டுக் கட்டத்துக்கு வரும்போது நேரமும் இல்லை, தாளிலும் இடம் இல்லை. பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளில் மூன்றை எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த மதிப்பீட்டுக் கட்டத்தைத் தூக்கி, கற்றல் விளைவுக்கு நேர் கீழே வையுங்கள். பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு என்ன செய்ய வர வேண்டும், அது வந்துவிட்டது என்று எதைப் பார்த்து நம்புவேன், இந்த இரண்டையும் எழுதி முடித்த பிறகே ஆசிரியர் செயல்பாட்டுக்குப் போகட்டும்.

இது ஏதோ தாளில் வரிசை மாற்றுவது என்று தோன்றலாம். மழைநீர் சேகரிப்புப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செயல்பாட்டிலிருந்து தொடங்கினால் வழக்கமாக வருவது தெர்மாகோல் வீடு. ஓர் உறிஞ்சுகுழாய், கொஞ்சம் கூழாங்கல், பச்சை வண்ணக் காகிதம். பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்கள், பெற்றோர் காசு செலவழிக்கிறார்கள், கண்காட்சியில் எல்லாரும் பாராட்டுகிறார்கள். அந்தக் குழாய் வழியாக எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாகிவிட்டது. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது லாரிக்காகக் குடத்தோடு நின்ற தெருக்கள் எங்கள் பிள்ளைகளின் தெருக்கள்தான். அவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிய வேண்டாமா?

இப்போது கடைசியிலிருந்து தொடங்கிப் பார்ப்போம். என் இலக்கு: தன் பள்ளிக் கூரையில் விழும் மழையைப் பிள்ளை லிட்டரில் சொல்ல வேண்டும். அதற்கு ஆதாரமாக ஒரு கேள்வி எழுதுகிறேன். கூரையின் நீளம் 20 மீட்டர், அகலம் 10 மீட்டர். நேற்று 50 மில்லிமீட்டர் மழை. எத்தனை லிட்டர்? விடை 10,000. ஒரு தண்ணீர் லாரியில் 9,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் அதைவிடக் கூடுதல்.

இந்தக் கேள்வியை எழுதிவிட்டு உற்றுப் பார்த்தால் ஓர் ஓட்டை தெரிகிறது. 20-ஐ 10-ஆல் பெருக்கி, வருவதை 50-ஆல் பெருக்கினாலே 10,000 வந்துவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது சரியாக ஒரு லிட்டர், அதனால் அலகைப் பற்றி எதுவுமே புரியாத பிள்ளைக்கும் விடை சரியாகவே வரும். நானும் முழு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். எனவே கேள்வியை மாற்றுகிறேன். செய்திகளில் மழையைச் சென்டிமீட்டரில்தானே சொல்கிறார்கள்? '5 செ.மீ. மழை' என்று கொடுத்தால் வெறுமனே பெருக்குகிற பிள்ளை 1,000 என்று எழுதும், புரிந்த பிள்ளை 10,000 என்று எழுதும். யாருக்குப் புரியவில்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி முடிவானதும் பாடம் தானாக உருவாகத் தொடங்குகிறது. மழையை ஏன் நீள அலகில் சொல்கிறோம் என்பதை முதலில் பேசியாக வேண்டும், அதற்கு நேர்ச் சுவர் கொண்ட ஒரு பாத்திரத்தை மொட்டைமாடியில் வைத்து மழையை அளந்து பார்க்க வேண்டும். தரையில் சாக்பீஸால் ஒரு சதுர மீட்டர் வரைந்து, அதில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் கன அளவு என்ன என்று கணக்கிட வேண்டும். கூரையை டேப் பிடித்து அளக்க வேண்டும். கணக்கு ஆசிரியர் அலகு மாற்றத்தை எனக்கு முன்பே முடித்திருக்க வேண்டும், ஆக நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியே தீர வேண்டும். தெர்மாகோல் வீட்டுக்கு இதில் வேலையே இல்லை, அதைச் செய்யப் போகும் இரண்டு பீரியடும் மிச்சம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று சொன்னால் அப்புறம் பிள்ளைகளே பெருக்கிவிடுவார்கள்: அதே கூரையில் 2,80,000 லிட்டர், ஏறத்தாழ 31 லாரி!

தமிழ்ப் பாடத்திலும் இப்படித்தான். 'நூலகத்துக்குப் புத்தகம் அனுப்பக் கோரி' என்று ஒரே கடிதத்தை ஆண்டாண்டாக மனப்பாடம் செய்கிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று மண்டல அலுவலகத்துக்குத் தானே ஒரு மனு எழுத வேண்டும் என்பதை இலக்காக வைத்தால், எந்தத் தெரு, எந்தக் கம்பம், எத்தனை நாளாக, என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளை விவரம் சேகரிக்கத் தொடங்கிவிடும்.

இப்படி இலக்கிலிருந்து பாடத்தைத் திட்டமிடுவது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949-இலேயே நோக்கத்தை முதலில் வைத்தார். 1998-இல் கிராண்ட் விக்கின்ஸ், ஜே மெக்டை இருவரும் முதலில் இலக்கு, பிறகு ஆதாரம், அதன் பிறகே கற்பித்தல் என்று இதற்கு மூன்று படிகளாக வடிவம் கொடுத்தார்கள். குறி இல்லாத செயல்பாடு, பாடநூலை முடித்தால் போதும் என்ற ஓட்டம், இரண்டுமே கேடு என்று அவர்கள் எச்சரித்தது நம் வகுப்பறைக்கு அப்படியே பொருந்துகிறது. நம் ஊருக்கும் இது அந்நியமில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், பிள்ளை தானே ஒவ்வொன்றாகச் செய்து முன்னேறும் ஏணிப்படி அட்டைகள் இருந்தன. ஒவ்வொரு மைல்கல்லிலும் மதிப்பீட்டு அட்டையைக் கடந்த பிறகே பிள்ளை அடுத்ததற்கு ஏற முடிந்தது.

தேர்வுக்காகப் பாடம் நடத்தச் சொல்கிறீர்களா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, அந்த ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. 'மழைநீர் சேகரிப்பின் நன்மைகள் ஐந்தினை எழுதுக' என்பதை இலக்காக வைத்தால் இந்த முறை மனப்பாடத்தைத்தான் இன்னும் கூர்மையாக்கும். ஆதாரமாக நாம் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் ஆசிரியரின் உழைப்பு முழுவதும் இருக்க வேண்டும். எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய நேரம் கிடையாது என்பதும் உண்மை. பருவத்துக்கு ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பாட அலகு போதும், மற்றவை பழைய முறையிலேயே நடக்கட்டும்.

ஆனால் ஆசிரியர் மட்டும் மாறினால் போதாது. பார்வைக்கு வரும் அலுவலர் முதலில் கேட்பது 'போர்ஷன் எதுவரை முடித்திருக்கிறீர்கள்?' என்பதுதான். அந்தக் கேள்வி இருக்கும்வரை மழையளவு பார்க்க இரண்டு பீரியட் செலவழிக்கும் ஆசிரியர் பயந்துகொண்டேதான் இருப்பார். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, 'இந்தப் பாடத்தில் எந்தப் பிள்ளைக்கு இன்னும் வரவில்லை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?' என்று அலுவலர் கேட்டால் குறிப்பு எழுதும் முறையே மாறிவிடும். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் இதைக் கவனிக்க வேண்டும். அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஸ்லைடுகளைக் காட்டுவதற்குப் பதிலாக, ஒரு பாட அலகை எடுத்துக்கொண்டு அதற்கான மதிப்பீட்டுக் கேள்வியை ஆசிரியர்களே சேர்ந்து எழுதித் திருத்தச் சொல்லலாம். சென்டிமீட்டர், மில்லிமீட்டர் மாதிரியான ஓட்டைகளை ஒருவர் விட்டாலும் இன்னொருவர் பிடித்துவிடுவார்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஐயா. மாதம் ஒரு முறை இதழில் கால் பக்கம் ஒதுக்கி, ஆசிரியர்கள் எழுதிய ஒரு நல்ல மதிப்பீட்டுக் கேள்வியையும் அதில் பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்பதையும் வெளியிடுங்கள். முதல் இதழுக்கு எட்டாம் வகுப்பு விசையும் அழுத்தமும் பாடத்திலிருந்து ஒன்றை நான் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை,
வியாசர்பாடி, சென்னை - 39