வலங்கைமான் பக்கத்து ஊருக்கு ஒரு டீச்சரின் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ஆண்டு விழாவில் நன்றியுரைக்கு ஒதுக்கிய நேரம் பொன்னாடை போர்த்துவதிலேயே போய்விட்டது. உண்மையில் வேலை பார்த்தவர்களோ மேடைப் பக்கமே வரவில்லை, பந்தலுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகள் எங்கள் நடுநிலைப் பள்ளியில் சிலர் உண்டு. கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்ததால் அடிப்படையே விட்டுப்போனவர்கள், நடவு நாளில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிடும் பெண் பிள்ளைகள், தினமும் வந்தும் வாசிப்பு மட்டும் பிடிபடாதவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். எல்லாரையும் சேர்த்து ‘மக்கு’ என்று கடைசி பெஞ்சில் உட்கார வைக்கிற பழக்கம் எனக்கு ஆகவே ஆகாது.

முதல் நன்றி, கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்காகக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் சாருக்கு. ஒரு பையன், அவன் அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை (அங்கே ‘சிப்பம்’ என்பார்கள்) தூக்குகிறார். வாக்கியக் கணக்கு கொடுத்தால் புத்தகத்தையே வெறித்துக்கொண்டிருப்பான். ‘கொடி’யை ‘கெடி’ என்பான், ‘ெ’ கொம்பைப் பார்த்ததும் ‘ா’ காலை விட்டுவிடுவான். சார் புத்தகத்தை மூடிவிட்டு வாயாலேயே கேட்டார்: “சிப்பத்துக்கு 40 கிலோ, 35 சிப்பம் ஏத்தியாச்சு, எத்தனை குவிண்டால்டா?” “பதினாலு சார்.” பேனாவைக்கூடத் தொடவில்லை, பட்டென்று வந்தது பதில். இவனைப் பற்றித்தான் “படிப்பு ஏறாது, மாடு வாங்கிக் கொடுங்க” என்று ஒரு பெரிய மனிதர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்!

கண்ணையும் காதையும் பரிசோதிக்க வைத்து, அதில் குறை இல்லை என்றான பிறகுதான் சார் அடுத்த வேலையைத் தொடங்கினார். கொம்பும் காலும் சிவப்பு, நடுவில் உள்ள எழுத்து கறுப்பு என்று அட்டை எழுதச் சொன்னார். அதைப் பெரிய எழுத்தில், வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி விட்டு அடித்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடை அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார். அப்புறம் அந்த நெல் தட்டு. விஜயதசமிக்கு நெல்லைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைப்போமே, அதே முறைதான். தச்சர் அண்ணன் நாலு பக்கமும் விளிம்பு வைத்து மரத்தட்டு செய்து தந்தார். எழுத்தை வாயால் சொல்லிக்கொண்டே விரலால் நெல்லில் எழுதுவது, அழிப்பது, மறுபடி எழுதுவது. சின்ன வகுப்புப் பிள்ளைகளும் அதற்கு அடித்துக்கொள்கிறார்கள் என்பது வேறு கதை.

மாலையில் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் சொல்லிக்கொடுக்கும் தங்கச்சிக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவள், கல்லூரி முடித்து வேலைக்குப் படிக்கிறாள், ஆனாலும் விடவில்லை. தப்பாக வாசித்தால் நடுவில் திருத்த மாட்டாள், வரி முடியட்டும் என்று காத்திருப்பாள். சத்தம் போட்டு வாசிக்கவே பயந்த பிள்ளைகள் இப்போது போட்டி போடுகிறார்கள் என்றால் அதற்கு அந்தப் பொறுமைதான் காரணம்.

நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் அக்கா, நீங்கள் செய்தது பெரிய காரியம். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆயாவை அமர்த்தி, அவருக்கும் கூலியில் பங்கு கொடுக்க வைத்தீர்கள். அந்தப் பெண் பிள்ளைகள் சம்பா நடவு சமயத்தில் வகுப்பில் உட்கார்ந்திருந்தது அதனால்தான்.

அந்தப் பையனின் அப்பாவுக்கும் நன்றி. கூலியை விட்டுவிட்டு, கற்றல் குறைபாட்டுச் சான்றுக்காக அவனைத் திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். மற்ற பெற்றோருக்கும் இது தெரிய வேண்டும்: 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் (அறிவு இருந்தும் வாசிப்பதோ எழுதுவதோ பிடிபடாத நிலை) ஒன்று. சான்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு என்று சலுகை கேட்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கண்ணாடி போடுவதற்கு யாராவது வெட்கப்படுகிறோமா?

சரி, தச்சர் அண்ணே, ஜூனில் பள்ளி திறக்கும்போது இன்னும் இரண்டு தட்டு வேண்டும். விளிம்பு மட்டும் கொஞ்சம் உயரமாக வையுங்கள், நெல் சிந்தினால் எறும்பு வருகிறது.